முயலுக்கு அந்நியமானது

சில வருடங்களுக்கு முன்பு, ஆய்வகப் பொருட்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் இணையதளத்துக்குத் தேடுபொறி எழுதும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. லட்சக்கணக்கில் ஆன்டிபாடிகள். தமிழில் எதிர்ப்பொருள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரத்தாள். எந்தப் புரதத்தைக் கண்டுபிடிக்கும், எந்த விலங்கில் தயாரானது, என்ன சாயம் ஒட்டப்பட்டிருக்கிறது, எந்தெந்த உயிரினத்தின் திசுவில் வேலை செய்யும் என்று வரிசையாகக் கட்டங்கள். அடியில் எல்லாவற்றிலும் ஒரே வரி: ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்.

நான் ஒரு தப்பு செய்தேன். 'வேலை செய்யும் உயிரினங்கள்' என்ற கட்டம் காலியாக இருந்தால், 'வேலை செய்யாது' என்று திரையில் காட்டும்படி எழுதிவிட்டேன். இரண்டு வாரத்தில் ஒரு ஆய்வாளரிடமிருந்து கோபமான மின்னஞ்சல். காலி என்றால் சோதித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம், வேலை செய்யாது என்று அர்த்தம் இல்லை, இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவர்கள் எதற்கு இதையெல்லாம் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. புரோகிராமர்களுக்குப் பாலபாடம் அது. பூஜ்ஜியம் வேறு, இல்லாமை வேறு.

அவர் உதாரணமாகக் காட்டியிருந்த பொருள் ஓர் ஆன்டிபாடி. இலக்கு: மனித அமில ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற லைசோசோம் நொதி. தயாரித்த விலங்கு: முயல். ஒட்டியிருக்கும் சாயம்: ஃப்ளூரசீன். பிழையைத் திருத்திவிட்டு இரவில் சும்மா அந்த நொதியின் பெயரைத் தேடினேன். அன்றைக்குத் தொடங்கிய வாசிப்பு விட்டு விட்டு ஒரு வருடம் போயிற்று. அந்த விவரத்தாளில் இருந்த ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு கதை இருந்தது. அதைவிட, நான் குழப்பிக்கொண்ட அதே வித்தியாசத்தில் சில குழந்தைகளின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் நோய். யோஹன்னஸ் காசியானுஸ் பொம்ப்பே நெதர்லாந்தைச் சேர்ந்த நோயியல் மருத்துவர். 1930 டிசம்பர் கடைசியில், ஏழு மாதமே ஆன ஒரு பெண் குழந்தையின் உடலை அவர் பிரேதப் பரிசோதனை செய்தார். இதயம் அசாதாரணமாகப் பெருத்திருந்தது. மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் தசை, தசையாகவே தெரியவில்லை. வலை போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஒவ்வொரு ஓட்டையும் கிளைக்கோஜன் நிறைந்திருந்த இடம். கிளைக்கோஜன் என்பது உடம்பு சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவம். இதயத்தில் மட்டுமல்ல, பார்த்த இடத்திலெல்லாம் இருந்தது. 1932-ல் அதைப் பற்றி எழுதினார். நோய்க்கு அவர் பெயரே வந்தது.

ஏன் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்வரை அவர் வாழவும் இல்லை. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தார். ஆம்ஸ்டர்டாமில் அவருடைய ஆய்வகத்தில் ரகசிய வானொலிக் கருவி ஒன்று இயங்கியது. 1945 பிப்ரவரியில் பிடித்துவிட்டார்கள். ஏப்ரல் 15-ஆம் தேதி, ஒரு ரயில் பாலம் தகர்க்கப்பட்டதற்குப் பழிவாங்க, கைதிகள் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் அவரும் ஒருவர். மூன்றே வாரத்தில் நெதர்லாந்து விடுதலை அடைந்தது. நோயின் பெயரைத் தினமும் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசித்திருக்கிறேன்.

விடை, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான் டி டூவ் இன்சுலின் கல்லீரலில் என்ன செய்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். லைசோசோம் என்ற சொல்லே அப்போது கிடையாது. 1949-ல் அவர் குழு எலியின் கல்லீரலை மென்மையாக அரைத்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, பாகம் பாகமாகப் பிரித்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் அமில ஃபாஸ்ஃபடேஸ் என்ற இன்னொரு நொதியையும் அளந்தார்கள். அளவு எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது.

கருவியில் கோளாறா, கணக்கில் கோளாறா என்று குழம்பி, மாதிரிகளை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனார்கள். ஐந்து நாள் கழித்து எடுத்து மறுபடி அளந்தால், எதிர்பார்த்த அளவு முழுசாக இருந்தது! வீட்டில் ஃப்ரிட்ஜில் வைத்த மாவு புளித்த கதைதான் ஞாபகம் வந்தது. ஆனால் இங்கே எதுவும் புதிதாக உருவாகவில்லை. நொதி முதல் நாளே அங்கேதான் இருந்தது. ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருந்ததால் சோதனைக்கு அகப்படவில்லை. ஐந்து நாளில் பை நைந்துபோய் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

நானாக இருந்தால் முதல் நாள் எண்ணைத் தூக்கிப் போட்டிருப்பேன். டி டூவ் இன்சுலினைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பையின் பின்னால் போனார். 1955-ல் அதற்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். கரைக்கும் உடல் என்று பொருள். அதே வருடம் அலெக்ஸ் நோவிகாஃப் என்ற அமெரிக்கர் லூவெனுக்கு வந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தப் பைகளைப் படம் எடுக்க உதவினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, கம்யூனிஸ்டுகள் யார் யார் என்று செனட் குழு கேட்டபோது பெயர் சொல்ல மறுத்ததால், வெர்மான்ட் பல்கலைக்கழகம் அவரை வேலையைவிட்டு நீக்கியிருந்தது. முப்பது வருடம் கழித்து, 1983-ல், அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

லைசோசோம் செல்லின் குப்பை பிரிக்கும் இடம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். உள்ளே அமிலத்தன்மை. பழசான, வேண்டாத பொருட்களை உடைக்கும் பல்வேறு நொதிகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு நொதிக்கும் ஒவ்வொரு பொருள். டி டூவின் சகாவான ஹென்றி-ஷெரி ஹெர்ஸ், கிளைக்கோஜன் சேரும் நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பொம்ப்பே நோய்க் குழந்தைகளைப் பற்றி ஒரு புதிர் இருந்தது. கிளைக்கோஜனை உடைக்க உடம்பு வழக்கமாகப் பயன்படுத்தும் நொதிகள் எல்லாம் அவர்களிடம் சரியாகவே இருந்தன. பிறகு ஏன் சேர்கிறது? 1963-ல் ஹெர்ஸ் பதில் சொன்னார். கிளைக்கோஜனில் ஒரு சிறு பகுதி லைசோசோமுக்குள் போய்ச் சேருகிறது. அங்கே அதை உடைப்பது அமில ஆல்ஃபா குளுக்கோசிடேஸ். இந்தக் குழந்தைகளிடம் அதன் செயல்பாடு இல்லை. உள்ளே போனது வெளியே வர வழியில்லாமல் பை வீங்கிக்கொண்டே போகிறது. ஒற்றை லைசோசோம் நொதியின் குறையால் வரும் நோய் என்று முதன்முதலில் நிரூபிக்கப்பட்டது இதுதான்.

'செயல்பாடு இல்லை' என்று ஹெர்ஸ் அளந்தாரே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கடையில் வேலை நடக்கவில்லை. ஆள் வரவேயில்லையா, இல்லை வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? வேலையை மட்டும் அளந்தால் இரண்டுக்கும் விடை பூஜ்ஜியம்தான். ஆளை அடையாளம் காண வேறு ஏதாவது வேண்டும். வேலை செய்கிறானா என்று பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்து, இவன்தான் என்று சொல்கிற ஒன்று.

அந்த ஒன்றின் கதை 1939 கோடையில், பெர்லினில் தொடங்குகிறது. போர் மூள இன்னும் சில வாரங்கள். ஆல்பர்ட் கூன்ஸ் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் அங்கே விடுமுறையில் இருந்தார். அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது வாதக் காய்ச்சல். அந்த நோயில் இதயத் தசையில் சிறுசிறு முடிச்சுகள் வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் பாகங்கள் அங்கே தங்கி, உடம்பின் எதிர்ப்பொருட்களோடு மோதுவதால் அவை வருகின்றன என்று ஒரு ஊகம். யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கிருமியின் பாகத்தைத் தேடிப் பிடிக்கும் வேலையை ஆன்டிபாடி ஏற்கெனவே செய்கிறது. அதன் மேல் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றை ஒட்டிவிட்டால்? புரோகிராம் எங்கே உடைகிறது என்று தெரியாதபோது நடுநடுவே ஒரு பிரின்ட் வரியைப் போட்டு வைப்போமே, அந்த மாதிரி.

ஆன்டிபாடியில் சிவப்புச் சாயம் ஏற்றுவதை அவருக்கு முன்பே சிலர் செய்திருந்தார்கள். சோதனைக் குழாயில் கிருமிகள் மொத்தமாக இருக்கும்போது நிறம் தெரியும். திசுவில் ஒன்றிரண்டு மூலக்கூறு இருக்கும் இடத்தில் தெரியாது. ஒளிரும் சாயம் வேண்டும் என்பது கூன்ஸின் யோசனை. இருட்டில் ஒரு தீக்குச்சி போதும் இல்லையா? ஹார்வர்டுக்குத் திரும்பியதும் வேதியியலாளர் லூயி ஃபீசரின் ஆய்வகத்தில் இருந்த ஹியூ கிரீச், நார்மன் ஜோன்ஸ் இருவரும் அவருடன் சேர்ந்தார்கள். ஃபீசரைப் பற்றி இங்கே ஒரு வரி சொல்லாமல் போக முடியவில்லை. 1942-ல் அதே ஹார்வர்டில் நாபாமை உருவாக்கியவர் அவர்தான்.

முதல் முயற்சியில் ஆந்த்ரசீன் வகைச் சாயத்தை ஒட்டினார்கள். நீலமாக ஒளிர்ந்தது. ஆனால் திசுவுக்கே புற ஊதா ஒளியில் ஒரு மங்கலான நீல ஒளி உண்டு. நீலத்தில் நீலத்தை எங்கே தேடுவது? அப்போதுதான் பச்சைக்கு, அதாவது ஃப்ளூரசீனுக்கு மாறினார்கள். அது பழைய சாயம். 1871-லேயே அடால்ஃப் ஃபான் பேயர் தயாரித்தது. 1877-ல் டான்யூப் நதித் தண்ணீர் ஜெர்மனியில் ஓரிடத்தில் பூமிக்குள் இறங்கி எங்கே போகிறது என்று பார்க்க, இதே சாயத்தைக் கொட்டினார்கள். ஆக் என்ற ஊற்றில் பச்சையாக வெளியே வந்தது. அந்த ஊற்று ரைன் நதியைச் சேர்வது. கண்ணுக்குத் தெரியாத பாதையைக் காட்டிக்கொடுப்பதில் அதற்கு அனுபவம் இருந்தது.

1941-லும் 1942-லும் கூன்ஸ் குழு முடிவுகளை வெளியிட்டது. நிமோனியா கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியில் சாயம் ஏற்றி, நோயுற்ற எலியின் திசுவில் விட்டார்கள். கிருமியின் பொருள் இருந்த இடம் மட்டும் பச்சையாக எரிந்தது. பிறகு கூன்ஸ் ராணுவ மருத்துவராகப் பசிபிக் போர்முனைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, 1950-ல் முறையை இன்னும் செம்மையாக்கினார். அப்போதும் சாயத்தை ஒட்டும் நிலைக்குக் கொண்டுவர ஃபாஸ்ஜீன் தேவைப்பட்டது. முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. 1958-ல் கன்சாஸில் ஜான் ரிக்ஸும் சகாக்களும் ஐசோதயோசயனேட் வடிவத்தைக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண ஆய்வகம் எதுவும் பயமில்லாமல் செய்ய முடிந்தது. நான் பார்த்த விவரத்தாளில் 'எஃப்ஐடிசி' என்று இருந்த நாலெழுத்து இதுதான்.

1960-களின் நடுவில் சாயத்துக்குப் பதிலாக இன்னொரு நொதியையே ஒட்டும் முறை வந்தது. ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரமான கிழங்கில் கிடைக்கும் பெராக்சிடேஸ் அதில் முக்கியமானது. நொதியைக் கண்டுபிடிக்க நொதி. 1979-ல் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஒரு தாளுக்கு மாற்றி, அதன்மேல் ஆன்டிபாடியை ஓடவிடும் முறையும் வந்தது. வெஸ்டர்ன் பிளாட் என்பார்கள். தாளில் பட்டை விழுந்தால் புரதம் இருக்கிறது. எந்த உயரத்தில் விழுகிறது என்பதிலிருந்து அதன் அளவும் தெரியும். நம்முடைய குளுக்கோசிடேஸ் 110 கிலோடால்டன் எடையுள்ள முன்வடிவமாகப் பிறந்து, லைசோசோமுக்குள் வெட்டுப்பட்டு 76, 70 என்று சிறுத்து முழுமையடைகிறது. ஒரே தாளில் அதன் வாழ்க்கை வரலாற்றையே படிக்கலாம்.

இந்த முறையில் பொம்ப்பே நோயாளிகளின் தோல் செல்களைப் பார்த்தபோதுதான் பூஜ்ஜியம் இரண்டாகப் பிரிந்தது. பலரிடம் பட்டை விழுந்தது. புரதம் இருக்கிறது, உடைந்து கிடக்கிறது. சிலரிடம் தாள் வெறுமையாக இருந்தது. புரதமே இல்லை. முதல் வகையை கிரிம்-பாசிட்டிவ், இரண்டாவதை கிரிம்-நெகட்டிவ் என்றார்கள். இரண்டு வகைக் குழந்தைகளும் பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். தலை நிற்காது. இதயம் பெருத்திருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள் முடிந்துவிடும். ரொம்ப காலத்துக்கு இந்தப் பிரிவினை வெறும் பாடப்புத்தகக் குறிப்பு. வெறுமையோ பட்டையோ, செய்வதற்கு எதுவும் இல்லையே.

இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று ஹெர்ஸ் காலத்திலேயே முயன்றார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் நொதியைக் குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். பலிக்கவில்லை. மனித நொதியையே நிறையத் தயாரிக்க மரபணுத் தொழில்நுட்பம் வர வேண்டியிருந்தது. 1999-ல் ரோட்டர்டாமில் நான்கு கைக்குழந்தைகளுக்கு மனித நொதி செலுத்தப்பட்டது. எங்கிருந்து எடுத்தது தெரியுமா? முயல் பாலிலிருந்து. மனித மரபணு புகுத்தப்பட்ட முயல்கள் தங்கள் பாலில் அந்த நொதியைச் சுரந்தன. முயலின் பாலைக் கறக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தேவையான அளவுக்கு முயல் பால் கட்டுப்படியாகவில்லை. வெள்ளெலி இனத்தின் செல்களைத் தொட்டிகளில் வளர்த்து எடுக்கும் முறைக்கு மாறினார்கள். 2006-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த மருந்து அனுமதி பெற்றது.

குழந்தைகள் பிழைத்தார்கள். பெருத்த இதயம் சுருங்கியது. சிலர் உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். ஆனால் சிலருக்கு முதலில் நன்றாக இருந்து, சில மாதத்தில் மருந்து வேலை செய்யாமல் போயிற்று. அதே மருந்து, அதே அளவு. டியூக் பல்கலைக்கழகத்தில் ப்ரியா கிஷ்னானியின் குழு 2010-ல் 32 கைக்குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டது. 21 பேர் கிரிம்-பாசிட்டிவ், 11 பேர் கிரிம்-நெகட்டிவ். 27 மாத வயதை எட்டும்போது அந்த 11 பேரில் ஒருவர்கூட வென்டிலேட்டர் இல்லாமல் உயிரோடு இல்லை. மற்ற 21 பேரில் பாதிக்கு மேல் உயிரோடு, தானாக மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

காரணம் ஆன்டிபாடி. இந்த இடத்துக்கு வந்தபோது திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

விவரத்தாளுக்குத் திரும்பலாம். 'தயாரித்த விலங்கு: முயல்.' எப்படித் தயாரிக்கிறார்கள்? மனித நொதியை முயலுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். சில வாரம் விட்டுவிட்டுத் திரும்பவும் போடுகிறார்கள். முயலின் உடம்பு இந்தப் புரதத்தை இதற்கு முன் பார்த்ததில்லை. அந்நியன் என்று முடிவுசெய்து எதிர்ப்பொருளை உற்பத்தி செய்கிறது. ரத்தத்தை எடுத்து, அதைப் பிரித்து, சாயம் ஏற்றிக் குப்பியில் அடைக்கிறார்கள். முயலுக்கு அது அந்நியமாக இருப்பதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

கிரிம்-நெகட்டிவ் குழந்தைக்கு என்ன செய்கிறோம்? மனித நொதியை ஊசியாகப் போடுகிறோம். இரண்டு வாரம் விட்டுத் திரும்பவும் போடுகிறோம். தன் உடம்பில் ஒரு நாளும் இருந்திராத புரதம் அது. கருவில்கூடப் பார்த்ததில்லை. அந்தக் குழந்தையின் உடம்பு, முயல் செய்ததையே செய்கிறது. ஒரே ஒரு மாற்றம், இங்கே எதிர்ப்பொருள் குப்பிக்குப் போவதில்லை, ரத்தத்திலேயே இருந்து மருந்தைச் செயலிழக்க வைக்கிறது. கிரிம்-பாசிட்டிவ் குழந்தைக்கு உடைந்த நொதியாவது பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறது. வேலைக்கு உதவாத அந்தப் புரதம், இது நம்மாள் என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. உடைந்த பொருளுக்கும் இப்படி ஒரு பயன்! (கிரிம்-பாசிட்டிவிலும் சிலருக்கு எதிர்ப்பொருள் ஏறிவிடுவது உண்டு. உயிரியலில் என் தொழிலைப் போல ஆம், இல்லை என்று எதுவும் சுத்தமாகப் பிரிவதில்லை.)

ஆக, மருந்தைத் தொடங்கும் முன் கிரிம் நிலை தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் செய்ய வழி இருக்கிறது. ரிட்டுக்ஸிமாப், மெத்தோட்ரெக்ஸேட் போன்றவற்றைக் கொடுத்து, நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கொஞ்ச காலம் அடக்கி வைத்து, நொதியைப் பழக்கப்படுத்துவது. இந்த முறையில் நோயெதிர்ப்பைச் சமாதானப்படுத்த முடியும் என்று 2009-லேயே காட்டினார்கள். இதில் வேடிக்கை, ரிட்டுக்ஸிமாப் என்பதும் ஓர் ஆன்டிபாடி. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை முடிவில்லாமல் சுரக்கும் செல்லை உருவாக்கினார்களே, அந்தக் கிளையில் வந்தது. மில்ஸ்டைன் அர்ஜென்டினாக்காரர். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு தன் நிறுவனத்தில் சகாக்களை வெளியேற்றியதை எதிர்த்து ராஜினாமா செய்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். அந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கப்படவே இல்லை.

அவர்களுடைய ஒருவகை ஆன்டிபாடி புரதத்தின் ஒரே ஒரு மூலையை மட்டும் பிடிக்கும். முயல் தருவது பலவகைக் கலவை. ஒரு மூலை சிதைந்திருந்தாலும் இன்னொன்றைப் பிடித்துவிடும். ஒற்றை மூலையை நம்பும் ஆன்டிபாடிக்கு, அந்த மூலை மட்டும் சிதைந்த புரதம் கண்ணில் படாமல் போகலாம். தாள் வெறுமையாக இருக்கும். புரதம் இருந்தும் இல்லை என்று நினைத்துவிடுவோம். கலவையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. சம்பந்தமில்லாத வேறு புரதத்தில் ஒட்டிக்கொண்டு, இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். முயல் மாறினால் கலவையும் மாறும். கடையில் வாங்கும் ஆராய்ச்சி ஆன்டிபாடிகளை நம்பி ஏமாந்த கதைகள் ஏராளம். 2015-ல் நேச்சர் இதழில் பிராட்பரியும் ப்ளூக்துனும் பல ஆய்வாளர்களின் கையொப்பத்தோடு இதைத் தரப்படுத்தச் சொல்லி எழுதினார்கள். 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வரியை வக்கீல் போட்ட வரி என்று நினைத்திருந்தேன். அது உண்மையான எச்சரிக்கை. ஒரு குழந்தையின் சிகிச்சையை முடிவுசெய்யும் ஆய்வகம் தன் ஆன்டிபாடியைத் தானே பலமுறை சோதித்து வைத்திருக்கும், வைத்திருக்க வேண்டும்.

நேரமும் ஒரு பிரச்சினை. தோல் செல்லை எடுத்து வளர்த்து சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். இதயம் வீங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு வாரங்கள் கிடையாது. இப்போது ரத்தத்தின் வெள்ளை அணுக்களிலேயே சில நாட்களில் பார்த்துவிடுகிறார்கள். மரபணுப் பிழையைப் படித்தே பெரும்பாலானவர்களின் கிரிம் நிலையை ஊகிக்கவும் முடிகிறது. புதுவகைப் பிழை என்றால் மறுபடி ஆன்டிபாடியிடம்தான் போக வேண்டும்.

அந்தத் தேடுபொறியில் இப்போது காலிக் கட்டங்கள் 'சோதிக்கப்படவில்லை' என்று சாம்பல் நிறத்தில் தெரிகின்றன. மாற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோபமாக எழுதிய ஆய்வாளருக்கு நன்றி சொல்லி ஒரு பதில் அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. அடுத்த மாதம் வேறொரு பிழையைச் சுட்டிக்காட்டி எழுதினார்.